மூன்று மாத அட்வான்ஸுக்கு ஒரு வீடு வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்
பதிவு எண் இல்லாத வாடகைதாரர்,
முதல் மாடி, பின்பக்கப் போர்ஷன்,
மடிப்பாக்கம், சென்னை.

பெறுநர்
மாண்பமை வாடகை அதிகார அமைப்பு அவர்கள்,
சென்னை.

பொருள்: சென்னையில் சட்டப்படி குடியிருக்க ஆசைப்படுவது – தொடர்பாக.

பார்வை:
1. தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017.
2. மின்கம்பத்தில் ஒட்டியிருந்த 'டு-லெட்' சீட்டு, நாளிடப்படாதது.

ஐயா / அம்மையீர்,

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வந்திருக்கிறேன். புது ஊருக்குப் போகிறோமே என்று, பார்வை 1-இல் கண்ட சட்டத்தை ஒருமுறை படித்துவிட்டே ரயில் ஏறினேன். 1960-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. படிக்கப் படிக்க மனசு குளிர்ந்தது. எல்லா வாடகை ஒப்பந்தமும் எழுத்தில் இருக்க வேண்டுமாம். தங்களிடம் பதிவாக வேண்டுமாம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாதாம். காலி செய்த ஒரு மாதத்தில் அது திரும்பி வந்துவிட வேண்டுமாம். உரிமையாளர் வீட்டைப் பார்வையிட வருவதென்றால்கூட 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டுத்தான் வர வேண்டுமாம். இப்படி ஒரு ஊரா என்று வியந்தேன். எழும்பூரில் இறங்கிய பிறகு விசாரித்ததில், அப்படி ஒரு ஊர் சட்டப் புத்தகத்தில் மட்டும் இருப்பதாகச் சொன்னார்கள்.

தாங்கள் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி என்கிறது சட்டம். எனக்கு முதலில் வாய்த்த அதிகாரி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் ஹெல்மெட், சட்டைப்பையில் இரண்டு போன், கையில் ஒரு சாவிக்கொத்து. அவரைப் புரோக்கர் என்று சொல்கிறார்கள். தொலைவு, காற்று, வெளிச்சம் ஆகியவற்றுக்கு அவர் தனி அளவைகள் வைத்திருக்கிறார். அவர் கணக்கில் எல்லா வீட்டிலிருந்தும் பஸ் ஸ்டாப் ஐந்து நிமிஷ நடை. எல்லா ஓனரும் 'ரொம்ப நல்லவர் சார், தொந்தரவே இருக்காது'. பக்கத்து வீட்டுச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் அறைக்கு 'நல்ல வென்டிலேஷன்'. வீட்டைக் காட்டிய இந்தச் சேவைக்கு ஒரு மாத வாடகை அவருக்குச் சேர வேண்டும். தங்கள் அலுவலகத்துக்குக் கட்டணம் கட்டத் தயங்குகிறவர்கள்கூட இவருக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள்.

அடுத்து நேர்முகத் தேர்வு. குடிமைப் பணித் தேர்வில்கூட இவ்வளவு கேட்பார்களா தெரியாது. ஓனர் ஈஸி சேரில் சாய்ந்திருக்க, நான் வாசல் படியில் நின்றபடி பதில் சொன்னேன்.

"ஃபேமிலியா, பேச்சிலரா?"

"ஃபேமிலிங்க ஐயா. நான், வீட்டுக்காரி, ஒரு பிள்ளை."

"கெஸ்ட் வருவாங்களா?"

"ஊர்ல இருந்து அப்பா, அம்மா எப்பமாவது வருவாங்க."

"வந்தா எத்தனை நாள் இருப்பாங்க? தண்ணி செலவாகும் பாருங்க, அதுக்குக் கேட்டேன்."

பிறகு சைவமா அசைவமா என்பது வந்தது. அதன் பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க தம்பி, குலதெய்வம் எது?" என்றார். "சாஸ்தா" என்றேன். அவர் முகத்தில் ஏமாற்றம். எங்கள் பக்கம் சாஸ்தா எல்லாச் சாதிக்கும் பொது என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. கொஞ்சம் யோசித்து, "ஊர்ல எந்தத் தெரு?" என்றார். அந்தக் கேள்விக்குத் தப்பிய தென்மாவட்டத்துக்காரன் யாரும் இல்லை.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பருக்கு இந்த அளவு சிரமம் இல்லை. அவர் போனில் தன் பெயரைச் சொன்னவுடனேயே, அதுவரை காலியாக இருந்த வீடு 'இப்பதான் சார் முடிஞ்சுது' என்று ஆகிவிடுகிறது. அவர் இஸ்லாமியர். இரண்டு நாள் கழித்து அதே மின்கம்பத்தில் அதே சீட்டு இருக்கிறது. பார்வை 1-ஐ மறுபடியும் புரட்டிப் பார்த்தேன். சாதி, மதம், கல்யாணம் ஆனவரா இல்லையா என்று பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று அதில் ஒரு பிரிவுகூட இல்லை. அட்வான்ஸ் பற்றி எழுதிய பேனாவில் அதற்குள் மை தீர்ந்துவிட்டது போலும்.

அட்வான்ஸ் என்றதும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். சட்டத்தின் 11-ஆம் பிரிவு மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்குவது சட்டவிரோதம் என்கிறது. கைதட்டலாம் என்று எழுந்தால், அந்த வாக்கியத்தின் தொடக்கத்தில், 'மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்ற பொருளில் நாலு வார்த்தை கிடக்கிறது. அதாவது, பத்து மாதம் வாங்குவது தவறு. பத்து மாதம் வாங்கிக்கொள்ளலாம் என்று என்னிடமே கையெழுத்து வாங்கிவிட்டால் தவறில்லை. வாடகை 18,000 ரூபாய் என்றால், சட்டப்படி அட்வான்ஸ் 54,000. ஓனர் கேட்டது 1,80,000. நடுவில் இருக்கும் 1,26,000 ரூபாயை நானே மனமுவந்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், வட்டியில்லாமல் கொடுத்ததாக ஒப்பந்தம் சொல்கிறது. மனமுவக்காவிட்டால் வீடு கிடையாது என்பது ஒப்பந்தத்தில் இல்லை.

இந்தப் பணம் திரும்பி வரும் வழியும் அலாதியானது. ஒரு மாதத்தில் தர வேண்டும் என்பது சட்டம். "அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் குடுத்துடறேன்" என்பது ஓனர். என் பணம் எனக்கு முன்னால் இருந்தவருக்குப் போயிருக்கிறது. எனக்குப் பின்னால் வரப்போகிறவரின் பணம் எனக்கு வரும். அதிலும் ஒரு மாத வாடகை 'பெயிண்டிங் சார்ஜ்' என்று பிடிக்கப்படும். சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதையும் உரிமையாளர் தலையில் வைத்திருக்கிறது என்று பணிவோடு சொன்னேன். "அதெல்லாம் சென்னையில பழக்கம் இல்லை தம்பி" என்று அவர் அதைவிடப் பணிவோடு சொன்னார்.

ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. ஏன் 11 என்று கேட்டேன். "அப்பதான் ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்." 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பதிவு கட்டாயம். ஆனால் தங்கள் சட்டத்தில் எத்தனை மாதமானாலும் தங்களிடம் பதிவு உண்டு. ஆக, 2019-இலிருந்து இந்த 11-க்கு வேலையே இல்லை. இருந்தும் நகரம் முழுக்க முத்திரைத்தாளில் 11 மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதிவுக்கான கெடுவை அரசும் பலமுறை நீட்டித்துப் பார்த்தது. வருகிறவர்கள்தான் வரவில்லை.

மின்சாரத்தைப் பற்றி ஒரு பத்தி. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்பது அரசின் கொடை. எங்கள் வீட்டில் அந்தக் கொடை தரைத்தளத்திலேயே இறங்கிக்கொள்கிறது. மாடிக்கு வருவது சப்-மீட்டர். முதல் யூனிட்டிலிருந்தே 10 ரூபாய். அரசு இலவசமாகக் கொடுத்த 100 யூனிட் படியேறி என்னிடம் வரும்போது 1,000 ரூபாய் ஆகிறது. பில்லைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கு, "எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் ஓனர் அம்மா. நம்பிக்கைக்கு மீட்டர் கிடையாதே என்று பேசாமல் வந்துவிட்டேன்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டால் '24 மணி நேரமும் வரும்' என்பார்கள். போர் தண்ணி, துணி துவைத்தால் சோப்பு நுரைக்காது. குடிக்க 20 லிட்டர் கேன். மழைத் தண்ணீரைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள். வேளச்சேரி மேம்பாலத்தில் ஐப்பசி, கார்த்திகையில் கார்கள் வரிசையாக ஏறி நிற்பதைப் பார்த்துத்தான் எந்தப் பேட்டை எவ்வளவு பள்ளம் என்று வெளியூர்க்காரன் தெரிந்துகொள்கிறான்.

இனி போக்குவரத்து. 'இது எங்கள் துறை அல்ல' என்று கோப்பைத் திருப்பிவிட வேண்டாம். சென்னையில் வாடகையைக் குறைக்க ஒரே வழி, தூரத்தைக் கூட்டிக்கொள்வது. வேலை ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையில். அங்கே குடியிருக்கப் பணம் போதாது. அந்தச் சாலையின் நடுவில் மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்துக்கு, மொத்தம் 118.9 கிலோமீட்டருக்கான திட்டத்தில் ஒரு பங்குக்கு, தூண் நிற்கிறது. ரயில் ஓடுவதற்கு முன்பே வாடகை ஓடத் தொடங்கிவிட்டது. 'மெட்ரோ வரப்போகுது சார்' என்ற ஒரு வாக்கியத்துக்கு மாதம் 3,000 ரூபாய் கூடுதல். அரசின் அறிவிப்புகள் மீது முழு நம்பிக்கை வைத்திருக்கும் ஒரே குடிமகன் புரோக்கர்தான். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை, சுமார் 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதைக்கு 2008-இல் வேலை தொடங்கி 15 ஆண்டுகளுக்கு மேல் இழுத்ததை நினைத்தால், 'வரப்போகுது' என்பதற்கு வாடகை கொடுக்கிறவன் பேரன் காலத்துக்கும் சேர்த்துக் கொடுக்கிறான் என்று தோன்றுகிறது.

ஊருக்குப் போய் வருவதும் அப்படித்தான். தென்மாவட்டப் பேருந்துகளைக் கோயம்பேட்டிலிருந்து கிளாம்பாக்கத்துக்கு மாற்றினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று முனையம் திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் இல்லை. விடியற்காலையில் பெட்டியோடு இறங்குகிறவனுக்கு ஆட்டோதான் கதி. ஆட்டோவுக்கும் ஒரு சட்டக் கட்டணம் உண்டு: 2013 ஆகஸ்டில் நிர்ணயித்தது, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அதைப் பத்தாண்டுகளுக்கு மேல் தொடாமலே வைத்திருந்தார்கள். அந்தக் கட்டணத்தில் இன்று யாராலும் வண்டி ஓட்ட முடியாது; ஆட்டோக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2025 செப்டம்பரில் 'சென்னை ஒன்' செயலி வந்து பஸ், மெட்ரோ, புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட் என்றானது. டிக்கெட் இணைந்துவிட்டது. ஸ்டேஷனுக்கும் என் தெருவுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் இன்னும் இணையவில்லை.

ஆனாலும் இந்த நகரத்தில் ஒரு விதி மட்டும் சொன்னது சொன்னபடி நடப்பதைப் பார்க்கிறேன். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. என் வீட்டுக்காரி ஏறுகிறாள். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார். குலதெய்வம் கேட்பதில்லை. சமையலில் கறி உண்டா என்று கேட்பதில்லை. 'மாறாக ஒப்பந்தம் இருந்தாலன்றி' என்று அந்த ஆணையில் எழுதவில்லை. அதை நடத்திவைக்க ஒவ்வொரு பேருந்திலும் ஒருவர் நிற்கிறார். விலக்கு இல்லாத வாசகம், நடத்திவைக்க ஓர் ஆள்: தங்கள் சட்டத்துக்கு இந்த இரண்டும்தான் இல்லை.

ஆகவே, கீழ்க்கண்டவற்றை அரசுக்குப் பரிந்துரைக்க வேண்டுகிறேன்:

1. 11-ஆம் பிரிவின் தொடக்கத்தில் உள்ள விலக்கு வார்த்தைகளை நீக்க வேண்டும். மூன்று மாதம் என்றால் மூன்று மாதம்.

2. சொத்து வரி கட்டும்போது, வீடு வாடகைக்கு விடப்பட்டிருந்தால் ஒப்பந்தப் பதிவு எண்ணை உரிமையாளரிடம் கேட்க வேண்டும். ஓனரைப் பகைத்துக்கொண்டு வாடகைதாரர் தானாக வந்து பதிவார் என்று காத்திருக்க வேண்டாம்.

3. சப்-மீட்டருக்கு மின்வாரியப் பில்லின் விலைதான் என்றும், பில்லைக் காட்டியே பணம் வாங்க வேண்டும் என்றும் விதி வேண்டும்.

4. சாதி, மதம், திருமண நிலை, சாப்பாடு ஆகியவற்றைக் காரணம் காட்டி வீடு மறுப்பதைத் தடுக்க ஒரு பிரிவு வேண்டும்.

நான்கையும் ஒரே நேரத்தில் செய்வது சிரமம் என்றால், முதலாவதிலிருந்து தொடங்குங்கள். அதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், நிலம் கையகப்படுத்த வேண்டாம். சட்டமன்றத்தில் ஒரு திருத்தமும் சில வார்த்தைகளின் மேல் ஒரு கோடும் போதும். என் ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அடுத்த வீட்டுக்காவது 54,000 ரூபாயோடு போய் நிற்க விரும்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சட்டத்தை முழுதாகப் படித்த
வாடகைதாரர்.