கத்தரி இலையில் ஒரு நெசவு

கே: கத்தரி இலைக்கு அடியில், வலை பின்னியது போன்ற இறக்கையோடு பொடிப்பொடியாய்ப் பூச்சிகள். பட்டுப்பூச்சிக்குச் சொந்தமா?
– ஒரு வாசகர், பெரணமல்லூர்

ப: ஆரணிப் பட்டு வட்டாரத்துக் கண்ணல்லவா, இறக்கையின் வேலைப்பாட்டைத்தான் முதலில் பார்க்கும்! அது லேஸ் பூச்சி. பட்டுப்பூச்சிக்கு உறவில்லை, மூட்டைப்பூச்சிக்குத்தான் தூரத்துப் பங்காளி. இரண்டும் 1758-ல் லின்னேயஸ் பெயரிட்ட ஹெமிப்டெரா வரிசை. மூட்டைப்பூச்சி நம் ரத்தத்தைக் குடிக்கும், இது இலைச்சாற்றைக் குடிக்கும், இருவருக்கும் ஊசிமூக்கு.

பட்டுப்புழு மல்பெரியைக் கடித்துத் தின்று, கூடு கட்டி, உள்ளே உருமாறும். லேஸ் பூச்சிக்குக் கூடும் கிடையாது, கூட்டுப்புழுப் பருவமும் கிடையாது. தாய் இலைக்குள்ளேயே முட்டையைச் செருகிவிடும். உடம்பெல்லாம் முள்ளாக வெளிவரும் குஞ்சு, தோலுரித்துத் தோலுரித்து வளர்ந்து, கடைசி உரிப்பில் அந்த அழகு இறக்கையைப் பெறும். எவ்வளவு அழகு பாருங்கள்!

அழகுக்காக விட்டுவிடாதீர்கள். கத்தரிக்கு வருவது யூரென்டியஸ் ஹிஸ்ட்ரிசெல்லஸ். இலை மஞ்சளாகி, அடியில் கறுப்புப் புள்ளியாய் எச்சம் தெரிந்தால் அந்த இலைகளைக் கிள்ளி அழியுங்கள். எடுத்தவுடன் மருந்தடிக்க வேண்டாம். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சி என்று வேறொன்று உண்டு. அதன் புழு அசுவினியைத் தின்னும் நம் நண்பன். மருந்து அதையும் கொன்றுவிடும்.