மன்னிப்புக் கேட்காமலே ஒப்புரவாவது எப்படி?

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும், அதற்குள் பத்திரிகை அடிக்க வேண்டும். பத்திரிகையில் சித்தப்பா பெயரும் அத்தை பெயரும் இல்லாவிட்டால் சம்பந்தி வீட்டில் என்ன ஏது என்று துருவுவார்கள். அந்தச் சித்தப்பாவோடும் அத்தையோடும் நீங்கள் பேசியது அப்பாவின் அடக்க ஆராதனையோடு சரி. காரணம் ஊருக்கே தெரியும். அப்பா கட்டிய வீடும் கிணற்றடி 12 சென்ட்டும் எப்படியோ உங்கள் பேருக்குப் பட்டா ஆகிவிட்டன. மஸ்கட்டில் இருந்த தம்பிக்கும் தாம்பரத்தில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் விஷயம் பின்னால்தான் தெரிந்தது.

எந்த ஊர் என்று கேட்காதீர்கள். நாசரேத்திலிருந்து டோனாவூர் வரை எந்தச் சேகரத்தில் இதை வாசித்தாலும் நாலு பேர் பக்கத்து பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பார்கள்.

நமக்கு வேண்டியது ஒப்புரவு. அதிலும் செலவில்லாத ஒப்புரவு. பந்தியில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார வேண்டும், போட்டோவில் சேர்ந்து நிற்க வேண்டும், பட்டா மட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். முடியும். வேதத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டே முடியும். பார்த்துப் புரட்ட வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் மத்தேயு ஐந்தாம் அதிகாரம் 23, 24 வசனங்களைத் தாண்டிப் போகப் பழகுங்கள். காணிக்கையோடு பீடத்துக்கு வந்த இடத்தில் சகோதரனுக்கு நம்மேல் குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே போட்டுவிட்டு முதலில் போய் ஒப்புரவாகச் சொல்கிற இடம் அது. கவனித்தீர்களா? உங்களுக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை. அவனுக்கு உங்கள்மேல் குறை இருந்தால்! அப்படியானால் நடக்க வேண்டிய கால் உங்களுடையது. இது நமக்குச் சரிப்படாது. நல்ல வேளை, இப்போது காணிக்கையை ஜிபேயில் அனுப்பிவிடலாம். பீடத்தில் கொண்டு வைத்தால்தானே விட்டுவிட்டுப் போக வேண்டும்?

அதற்குப் பதில் பதினெட்டாம் அதிகாரத்துக்கு வாருங்கள். உன் சகோதரன் உனக்குக் குற்றம் செய்தால் என்ன செய்வது என்று அங்கே முறையாக இருக்கிறது. குற்றம் செய்தவன் அவன் என்று தொடக்கத்திலேயே முடிவாகிவிடுவது எவ்வளவு வசதி! முதலில் தனியாகப் போய்ப் பேசு, கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல் என்பது அங்குள்ள வரிசை. நம் ஊரில் இதைக் கீழிருந்து மேலாகச் செய்வதுதான் வழக்கம். முதலில் பெண்கள் ஐக்கியத்தில் ஜெபக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: “எங்க கொழுந்தன் மனசு மாறணும், எல்லாரும் பாரமா ஜெபிச்சுக்கோங்க.” பிறகு பெரியம்மா, மாமா, மதினி என்று சுற்ற வேண்டும். தம்பிக்கு மஸ்கட்டில் செய்தி போய்ச் சேர்கிறபோது அவன் செய்த குற்றம் என்னவென்று அவனே மற்றவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான்.

பாவ அறிக்கை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். நற்கருணை ஆராதனையில் முழங்காலில் நின்று சபையோடு சேர்ந்து சத்தமாகவே சொல்லுங்கள். அதில் ஆபத்து ஒன்றும் இல்லை. நினைவினால், வார்த்தையினால், செயலினால் என்று எல்லாரும் ஒன்றாகச் சொல்கிறபோது அதில் யாருடைய கிணற்றடியும் வராது. பாவம் பன்மையில் இருக்கும்வரை யாருக்கும் வலிப்பதில்லை. அதுவே ‘சர்வே நம்பர் இன்னது, 12 சென்ட்’ என்று ஒருமைக்கு இறங்கினால் வினை.

ஒருவேளை தங்கையே நேரில் கேட்டுவிட்டால்? “அண்ணே, பட்டா எப்படி உங்க பேருக்கு மாறிச்சு?” இதற்குப் பதில் சொல்ல வேதத்தில் நல்ல முன்னோடிகள் உண்டு. ஆதாமைப் பெரும்பாலும் எல்லாரும் பயன்படுத்தியாகிவிட்டது. “உங்க மதினிதான் சொன்னா” என்பது அவருடைய பாணி. சவுல் ராஜா ஜனங்கள்மேல் போட்டார். ஆட்டையும் மாட்டையும் தப்பவிட்டது ஜனங்களாம், அதுவும் கர்த்தருக்குப் பலி கொடுக்கவாம். பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொண்ட பிறகும் அவர் கேட்டது என்ன? மூப்பர்கள் பார்க்க என்னைக் கனம்பண்ணும் என்று. சேகரக் கமிட்டியில் இருப்பவர்களுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

ஆனால் என்னைக் கேட்டால் ஆரோனுக்கு மிஞ்சிய ஆள் இல்லை. சீனாய் மலையிலிருந்து மோசே இறங்கி வந்து இது என்ன கன்றுக்குட்டி என்று கேட்டபோது ஆரோன் சொன்ன பதில் யாத்திராகமம் 32-இல் இருக்கிறது. பொன்னைக் கொடுத்தார்கள், நெருப்பில் போட்டேன், கன்றுக்குட்டி வெளியே வந்தது. அவ்வளவுதான். அதே அதிகாரத்தில் இருபது வசனத்துக்கு மேலே போனால், கருவி பிடித்து அதைச் செதுக்கியவர் அவர்தான் என்று எழுதியிருக்கிறது. நீங்களும் இதே தொனியில் சொல்ல வேண்டும்: “அப்பா போனப்புறம் வீட்டு வரி கட்டணும்னாங்க. பேப்பரைத் தாலுகா ஆபீஸ்ல கொடுத்தேன். பட்டா வெளிய வந்துச்சு.” சொல்லும்போது முகத்தில் லேசான ஆச்சரியம் இருக்கட்டும்.

தாவீதைப் பின்பற்ற வேண்டாம். நாத்தான் வந்து ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி, அந்த மனுஷன் நீதான் என்று முடித்ததும் தாவீது பாவம் செய்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டார். பத்சேபாள் ஏன் அங்கே குளித்தாள் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவருக்காக இன்றுவரை நாம்தான் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மன்னிப்பு வாசகம் ஒன்று கட்டாயம் தேவைப்படும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். “யார் மனசாவது நோகுற மாதிரி ஏதாவது நடந்திருந்தா, கர்த்தருக்குள்ள மன்னிச்சுக்கோங்க.” இதில் ‘யார்’ தங்கை இல்லை, ‘ஏதாவது’ பட்டா இல்லை, ‘நடந்தது’ நீங்கள் செய்தது இல்லை. டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து எல்லாரும் கை கொடுக்கிற சந்தடியில் சொன்னால் இன்னும் நல்லது. லூக்கா 15-இல் அந்த இளைய குமாரன் பன்றித் தொழுவத்தில் இருந்தே வாசகம் தயாரித்துக்கொண்டு வந்தவன்தான். ஆனால் அனுபவம் பத்தாது. அவன் வாசகத்தில் ‘இருந்தால்’ என்ற சொல்லே இல்லை.

சேகரத்து ஐயரைக் கூப்பிடுவது நல்லதா? நல்லதுதான், ஜெபத்துக்கு மட்டும். அவர் உங்களையும் தம்பியையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பேச்சு மெல்லப் பட்டாவை நெருங்குகிறபோது, “ஐயா, ஒரு வார்த்தை ஜெபம் பண்ணிருங்க” என்று கண்ணை மூடிவிட வேண்டும். ஜெபம் முடிந்ததும் டீ. டீ முடிந்ததும் ஐயருக்கு வேறொரு வீடு சந்திக்க வேண்டியிருக்கும். மேலும் வற்புறுத்தினால் லூக்கா 12-ஐ எடுங்கள். கூட்டத்தில் ஒருவன் இயேசுவிடம் வந்து, சொத்தைப் பாகம் பிரித்துத் தரும்படி என் சகோதரனிடம் சொல்லும் என்று கேட்டான். பாகம் பிரிக்கிறவனாக என்னை யார் வைத்தது என்று அவர் மறுத்துவிட்டார். “இயேசப்பாவே தலையிடல, ஐயா” என்று பணிவாகச் சொல்லுங்கள். அடுத்த வசனத்தை ஐயர் வாசிக்கத் தொடங்குமுன் வேதாகமத்தை மூடிவிடுவது உத்தமம். அங்கே பொருளாசையைப் பற்றிப் பேச்சு ஆரம்பிக்கிறது.

தாத்தா காலத்தில் இவ்வளவு சுலபம் இல்லை. அவர்கள் கையில் இருந்த ஜெபப் புத்தகம் 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் முறைமையைத் தழுவியது. பகையோடு இருக்கிற இருவர் ஒப்புரவானதாகத் தெரியும்வரை அவர்களைத் திருவிருந்துக்கு அனுமதிக்கக் கூடாது என்று அதில் குருவானவருக்குக் கட்டளையே உண்டு. அதிலும் நுணுக்கமாக, ஒருவன் மனதார மன்னித்து, தான் செய்ததைச் சரிக்கட்டவும் தயாராக இருந்து, மற்றவன் மட்டும் பிடிவாதம் பிடித்தால், முதலாமவனைச் சேர்த்துக்கொண்டு பிடிவாதக்காரனை நிறுத்தி வை என்கிறது. இன்று நிறுத்தினால் அடுத்த திருமண்டலத் தேர்தலில் தெரியும். தவிர, ஐயருக்கு நம் வீட்டுக் கதை முழுசாகப் புரிகிற நேரத்தில் மாறுதல் உத்தரவு வந்துவிடும்.

1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவாகி, 1950-இல் அதற்கென்று நற்கருணை முறைமை வந்தபோது, ஆதித் திருச்சபையில் இருந்து பின்னர் மறைந்துபோன ஒரு வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். சமாதானம் பீடத்திலிருந்து புறப்பட்டு, கைக்குக் கை மாறி, கடைசி பெஞ்சு வரை வரும். உலகத்தில் பல சபைகள் பிறகு இதைப் பின்பற்றின. வகுத்தவர்கள் பெரிய மனிதர்கள்தான். ஆனால் நம் வீட்டாரைப் பார்த்தவர்கள் இல்லை போலிருக்கிறது. அண்ணன் குடும்பம் தெற்கு வாசல் தூணுக்குப் பக்கம், தம்பி ஊருக்கு வந்தால் வடக்கு ஜன்னல் ஓரம். நடுவில் இருக்கிற எட்டு பெஞ்சைத் தாண்டி எந்தச் சமாதானமும் இதுவரை வந்ததில்லை.

தங்கைக்கு வருவோம். உண்மையில் சிக்கலே அங்கேதான். உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு என்று 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் சொல்கிறது. பக்கத்துத் திருவிதாங்கூரில் 1916-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அதுதான் மகளுக்கு. கோட்டயத்து மேரி ராய் வழக்குப் போட்டு, 1986-இல் உச்ச நீதிமன்றத்தில் வென்று அதையும் கெடுத்துவிட்டார். சொத்துத் தகராறு அவர் சகோதரனோடுதான். ஆகவே பட்டா உங்கள் பெயரில் இருந்தாலும் தங்கையின் விடுதலைப் பத்திரம் இல்லாமல் நாளைக்கு விற்க முடியாது.

அவள் வக்கீல் என்று வாயெடுத்தால் பவுலை நிறுத்துங்கள். சகோதரன்மேல் சகோதரன் அவிசுவாசிகளிடத்தில் வழக்காடலாமா என்று 1 கொரிந்தியர் 6-இல் கேட்டிருக்கிறார். அதே மூச்சில், அநியாயம் செய்வதும் அபகரிப்பதும் நீங்கள், அதுவும் சகோதரருக்கே செய்கிறீர்கள் என்று திட்டியிருப்பது எட்டாம் வசனம், ஏழோடு நிறுத்தலாம். அதற்குப் பிறகு மன்னிப்பு: ஏழெழுபது, பெருக்கினால் 490. பேதுரு கேட்ட கேள்வி தனக்குத் தீங்கு செய்கிற சகோதரனைத் தான் எத்தனை தரம் மன்னிப்பது என்பது. தீங்கு செய்கிறவன் தனக்கு எத்தனை பாக்கி என்று எண்ணிக்கொண்டு வந்து நிற்பதைப் பற்றி அங்கே ஒன்றும் இல்லை. பரவாயில்லை. “நீ விசுவாசி இல்லையாம்மா? மன்னிக்க மாட்டியா?” என்று கேளுங்கள். அவள் மன்னிக்காததுதான் இப்போது குடும்பத்தில் ஒரே பாவம் என்று ஆகிவிடும். உங்கள் பட்டா அதன் நிழலில் சுகமாக இருக்கும்.

(இந்தக் கேள்வியை நிலத்துக்கு மட்டும் கேட்பதில்லை. அடி வாங்கிக்கொண்டு பிறந்த வீடு வந்த மகளிடமும் இதே வசனத்தைச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அதற்கு வழிகாட்டி எழுத எனக்குக் கை வரவில்லை.)

வேதத்தில் தவிர்க்க வேண்டிய ஆட்கள் இரண்டு பேர். ஒருவர் யாக்கோபு. அண்ணனை ஏமாற்றிவிட்டு ஓடியவர், இருபது வருஷம் கழித்துத் திரும்பும்போது ஆடு, மாடு, ஒட்டகம், கழுதை என்று, ஒட்டகக் குட்டிகளைச் சேர்க்காமலே 550 உருப்படிகளை முன்னால் அனுப்பினார். ஏழு தரம் தரையில் விழுந்தார். ஏசா 400 ஆட்களோடு வந்துகொண்டிருக்கிறார் என்ற பயமும் காரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனாலும் 550! ஏசா ஓடி வந்து கட்டிக்கொண்டு அழுதார். பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. நீர் முன்னால் போம், நான் சேயீருக்குப் பின்னால் வருகிறேன் என்று சொன்ன யாக்கோபு நேரே சுக்கோத்துக்குப் போய் வீடு கட்டிக்கொண்டார். ஒப்புரவான அண்ணன் தம்பி ஒரே காம்பவுண்டில் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவரிடமிருந்து சுக்கோத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், 550-ஐ விட்டுவிடுங்கள்.

மற்றவர் சகேயு. சண்டே ஸ்கூலில் குள்ளமானவர், மரம் ஏறினார், இயேசு விருந்துக்கு வந்தார் என்பதோடு நாம் நிறுத்திவிடுவது பிள்ளைகளுக்கு நல்லது. பாதி ஆஸ்தியை ஏழைகளுக்கும், அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகவும் கொடுக்கிறேன் என்று, யாரும் கேட்காமல் அவராகவே எழுந்து நின்று சொன்னார். 12 சென்ட்டை நாலால் பெருக்கிப் பாருங்கள். அவ்வளவு இடம் நம் தெருவிலேயே கிடையாது.

தம்பியைப் பற்றிக் கவலை வேண்டாம். சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணிய வேண்டும் என்று பவுல் எழுதினாரே தவிர, எந்த வருஷத்துச் சூரியன் என்று எழுதவில்லை. விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தால் வந்துவிடுவான்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் தங்கை பத்திரம் எழுத வருவாள். சார்பதிவாளர் ஆபீசில் டோக்கன் போட்டு, மரத்தடியில் காத்திருக்கிறபோது ஒரு சங்கடம் வரக்கூடும். “கையெழுத்துப் போடுதேன்ணே. எனக்கு அந்த இடம் வேண்டாம், பிள்ளைக கல்யாணத்துல நான் நிக்கணும், அவ்வளவுதான். நீங்க செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்தை மட்டும் சொல்லிருங்க” என்பாள். பணம் கேட்டால் சமாளிக்கலாம், பங்கு கேட்டால் பவுலைக் காட்டலாம். இதற்கு என்னிடம் மாதிரி வாசகம் இல்லை. பையைத் துழாவி, ஆதார் அட்டையை வீட்டில் வைத்துவிட்டேன் என்று சொல்லி, வேறொரு நாளைக்கு டோக்கன் போட்டுவிடுங்கள்.