மொட்டை இல்லம்மா, குல்லா

அன்புள்ள அம்மாவுக்கு உன் பிள்ளை எழுதிக்கொள்வது. முதலில் முக்கியமான சங்கதி: உன் பிள்ளை மொட்டை போடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை உன் மருமகள் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நீ போனில் கேட்டதெல்லாம் அவன் காதில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. "யாருக்குய்யா நேந்துகிட்ட? திருச்செந்தூருக்கா, கழுகுமலைக்கா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் மஞ்சத் துணியில காசு முடிஞ்சு வச்சிருப்பேன்லா!" அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தை போனைப் பிடுங்கி, "மறைக்காமச் சொல்லு, டாக்டர் என்ன சொல்றாரு?" என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள். பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "தலைய விடுங்க. இடுப்புல என்னத்தக் கட்டியிருக்கான்னு கேளுங்க."

மூன்று பேருக்கும் ஒரே பதில்தான். நீச்சல் குளம்.

தூலூஸில் கோடை வந்தால் சில நாள் வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. வீட்டில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூடக் கிடையாது. பேத்தி அனத்தினாள் என்று நகராட்சிக் குளத்துக்குக் கூட்டிப் போனான். மாமா தோட்டத்துக் கிணற்றில் மேல்திட்டிலிருந்து குதித்தவன், கம்மாயில் அக்கரை தொட்டு வந்தவன், ஐரோப்பாக்காரனுக்கு நீச்சல் காட்டப் போகிறான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டே உள்ளே போனான். புதுரோட்டுக் கடையில் நீ எடுத்துக் கொடுத்த அரைக்கால் சட்டை, முழங்கால் வரைக்கும் மரியாதையாக மூடுவது, அதுதான் போட்டிருந்தான்.

விசில் அடித்தார்கள்.

யாரையோ என்று திரும்பிப் பார்த்தான். இவனைத்தான். காவலுக்கு நின்ற பெண் சுவரில் இருந்த பலகையைக் காட்டினாள். அரைக்கால் சட்டைப் படத்தின்மேல் சிவப்புக் கோடு. பக்கத்தில் கோவணத்துக்கும் ஜட்டிக்கும் நடுவில் பிறந்த ஒரு துணியின் படம். அதற்குப் பச்சை அடையாளம். பிரான்சில் நகராட்சிக் குளங்களில் பெரும்பாலும் இதுதான் விதி. தொளதொள அரைக்கால் சட்டை ஆகாது, உடம்போடு ஒட்டிய சிறு உடுப்பு வேண்டும், தலைக்குக் குல்லா வேண்டும். காரணமும் சொல்கிறார்கள். அரைக்கால் சட்டை என்றால் அதோடு தெருவில் நடப்பாய், பெஞ்சில் உட்காருவாய், அந்த அழுக்கோடு தண்ணீரில் இறங்குவாய். இந்தச் சின்னத் துணியோடு தெருவில் யாரும் நடக்க மாட்டார்கள் என்பதுதான் அதன் சுத்தத்துக்கு அத்தாட்சி. அந்த வாதத்தில் ஓட்டை தேடி மூன்று நாளாக யோசிக்கிறான், கிடைக்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பலாமே என்பாய். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வாசலிலேயே ஒரு இயந்திரம். ரயில்வே ஸ்டேஷனில் பிஸ்கட் தள்ளுகிற மாதிரி இது ஜட்டி தள்ளும். காசைப் போட்டு, அளவு எண்ணை அழுத்த வேண்டும். உன் பிள்ளைக்கு இடுப்பு 36 அங்குலம். 36-ஐ அழுத்தினான். இந்த நாட்டுத் துணிக்கடை எண் அங்குலக் கணக்கு இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும், அந்த நேரத்தில் அவனைத் தவிர. கம்பி சுற்றியது, பொட்டலம் விழுந்தது. பிரித்துப் பார்த்தால் பள்ளிக்கூடப் பையன் அளவு. 15 யூரோ, நம்ம காசுக்கு 1,300 ரூபாய்க்கு மேல். நீள அகலத்தை முழத்தில் சொன்னால் உனக்கு நெஞ்சு அடைத்துவிடும், விரற்கடையில் சொல்லலாம். இயந்திரம் திரும்ப வாங்காது. அதட்டிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான். பின்னால் வரிசையில் நின்ற கிழவர், இயந்திரத்துக்குத் தமிழ் தெரியாது என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அப்பா கேட்டது அந்தத் துணியைத்தான். தாத்தா பம்புசெட்டுத் தொட்டியில் குளிக்கும்போது கட்டியிருந்ததற்கு இதைவிட அகலம் உண்டு என்று அப்பாவிடம் சொல்லிவிடு.

குல்லாவும் அதே இயந்திரத்தில்தான். மஞ்சள் நிறம் மட்டும் மிச்சம் இருந்தது. சந்தனம் பூசிய மொட்டை மாதிரி தெரிந்ததற்கு அதுதான் காரணம். முடி தண்ணீரில் விழுந்து வடிகட்டியை அடைக்கக் கூடாதாம். சரி. உன் பிள்ளை தலையில் அடைக்கிற அளவுக்கு இருக்கிறதா என்று அந்தப் பெண்ணிடம் தலையைக் குனிந்து காட்டினான். அவளும் சிரிக்காமல் பார்த்துவிட்டு, விதி விதிதான் என்றாள். பக்கத்தில் ஒருவர், நெஞ்சும் முதுகும் கரடி மாதிரி. அவருக்கும் தலைக்கு மட்டும்தான் குல்லா.

இதற்குப் பிறகு சோப்புப் போட்டுக் குளியல், அதற்கும் பிறகு கால் நனைக்கத் தரையிலேயே ஒரு தொட்டி. வெளியே போய் வந்தால் வாசலில் "கால கழுவிட்டு உள்ள வா" என்று நீ சத்தம் போடுவாயே, அதைச் சிமெண்டில் கட்டி வைத்திருக்கிறார்கள். வியர்வையும் அழுக்கும் குளோரினோடு சேர்ந்தால் குளோரமின் என்று ஒன்று உண்டாகும், கண்ணை எரிக்கும் அந்த வாடை அதுதான். அதனால்தான் இவ்வளவு கழுவல். ஒரு ஆள் குளித்தால் 30 லிட்டர் புதுத் தண்ணீர் குளத்தில் விட வேண்டும் என்பதும் இங்கே நெடுநாளாக உள்ள சுகாதார விதி. ஆளுக்கு இரண்டு குடம்! சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் எப்போது வரும் என்று குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெருவிலிருந்து வந்தவனுக்கு, அந்தக் கணக்கைப் படித்த பிறகு தண்ணீரில் இறங்கவே கூச்சமாக இருந்தது.

இன்னொன்றும் மனதை அறுத்தது. நூல் துணி ஆகாதாம். நீச்சலுக்கென்று நெய்த செயற்கைத் துணிதான் வேண்டும். 1901-லிருந்து ஆராய்ச்சிப் பண்ணை வைத்துக் கருங்கண்ணிப் பருத்தியைத் தேற்றிய ஊர்க்காரனிடம் சொல்கிற பேச்சா இது? காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று நம்ம மதுரையில்தான் சட்டையையும் நீள வேட்டியையும் விட்டு அரைத்துணிக்கு மாறினார். 1931-ல் அதே கோலத்தில் லண்டன் அரண்மனைக்குப் போய் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரோடு தேநீர் குடித்தார். எங்கள் குளத்துக்கு வந்திருந்தால் நூல் துணி என்று அவரைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

துணி குறைந்தால்தான் வம்பு என்று நினைக்காதே, இங்கே கூடினாலும் வம்பு. கிரனோபிள் நகராட்சி 2022-ல், உடம்பை முழுக்க மூடுகிற நீச்சலுடையிலும் பெண்கள் குளத்தில் இறங்கலாம் என்று விதியைத் தளர்த்தியது. அடுத்த மாதமே, ஜூன் 21 அன்று, நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றம் கூடாது என்றுவிட்டது. இதைவிடப் பழைய கதை ஒன்று. பாரிஸில் பெண் கால்சட்டை போட வேண்டுமானால் போலீஸில் அனுமதி வாங்க வேண்டும் என்று 1800-ல் ஓர் உத்தரவு. 1892-லும் 1909-லும் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்: கையில் சைக்கிள் ஹேண்டில்பாரோ குதிரைக் கடிவாளமோ இருந்தால் போட்டுக்கொள்ளலாம். அந்த உத்தரவு செல்லாது என்று அரசாங்கம் எழுத்தில் சொன்னது 2013 ஜனவரியில். அதுவரைக்கும் ஏட்டில் இருந்தது. உன் மருமகள் சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தபோது இதைச் சொல்லித் தட்டிக் கழிக்கப் பார்த்தான், பலிக்கவில்லை.

சிரிக்கிறாயா? உன் பிள்ளை மட்டும் என்ன யோக்கியம்! வேலைக்குச் சேர்ந்த அன்று கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையை உள்ளே விட்டு, பெல்ட், பளபளக்கிற ஷூ, நெற்றியில் கோடாகத் திருநீறு என்று போய் நின்றான். எதிரே ஒருவர் சாயம் போன பனியனும் அரைக்கால் சட்டையுமாகச் சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாய் சரி பண்ண வந்தவர் என்று நினைத்து, கழிப்பறை எந்தப் பக்கம் என்று அவரிடமே கேட்டான். அவர் வழியும் காட்டினார். பத்து நிமிடம் கழித்துக் கூட்டத்தில் தலைமை நாற்காலியில் அவர்தான் உட்கார்ந்திருந்தார். மதியம் சாப்பிடும்போது பக்கத்து மேசைப் பையன் காதோடு கேட்டான்: "இன்றைக்கு வேறு கம்பெனியில் இன்டர்வியூவா?" துணியைப் பார்த்து ஆளை எடை போடுகிற கண்ணை அவன் விமானத்தில் ஏறும்போது கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. பெட்டியில் ஊறுகாய் பாட்டிலோடு அதுவும் வந்துவிட்டது.

எங்கே படித்தது அது? கல்லூரியில் சட்டையை வெளியே விட்டால் வாசலிலேயே நிறுத்துவார்கள். ஊரில் கல்யாண வீட்டுக்குப் போய் வந்தால் சாப்பாட்டைப் பற்றிப் பேச்சு இரண்டு நிமிடம், யார் என்ன சேலையில் வந்தாள் என்பது இரண்டு நாள். அத்தைக்குக் கோபம் வரட்டும், இது உண்மை.

வேட்டி கட்டினவனையே வாசலில் நிறுத்திய ஊர்தானே நம்முடையது. 2014 ஜூலை 11 அன்று சேப்பாக்கத்தில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்து கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டு விழாவுக்கு வேட்டியில் போன உயர் நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமனை உள்ளே விடவில்லை. தீர்ப்புச் சொல்கிறவருக்கே வாசலில் தீர்ப்பு. சட்டமன்றம் கொதித்தது, அடுத்த மாதமே சட்டம் வந்தது. வேட்டி கட்டியவரைப் பொது இடத்தில் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பெங்களூரில் பத்து வருஷம் கழித்து, 2024 ஜூலையில், மகனோடு சினிமா பார்க்க வேட்டியில் வந்த ஹாவேரி விவசாயி ஒருவரை ஒரு மாலில் நிறுத்தினார்கள். அந்த மாலை ஒரு வாரம் மூடவைத்தார்கள். இரண்டும் கெட்டிக்கார முடிவுதான். உன் பிள்ளை கைதட்டினான்.

ஆனால் கைதட்டும்போதே இன்னொன்று நினைவுக்கு வந்தது. 1930-ல், பக்கத்துச் சாத்தூரெல்லாம் சேர்ந்திருந்த அந்தக் கால ராமநாதபுரம் ஜில்லாவில், ஆதிக்க சாதிக்காரர்கள் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் எழுதி வைத்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. சட்டை, பனியன் கூடாது. முடியைக் கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறிய இடங்களில் குடிசைகளைக் கொளுத்தினார்கள்.

முழங்காலுக்குக் கீழே துணி கூடாது. குளத்துச் சுவரில் இருக்கிற பலகையும் அதையேதான் சொல்கிறது. மேயர் வந்தாலும் அந்தப் பலகை அவர் சட்டையையும் கழற்றச் சொல்லும், அவ்வளவுதான் வித்தியாசம். அதனால்தான் உன் பிள்ளையால் அதைப் பார்த்துச் சிரிக்க முடிகிறது. தாத்தா எந்தத் தெரு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொள்வார் என்று நீ ஒரு தடவை சொன்னாய். அப்புறம் எத்தனை தடவை கேட்டும் சொல்லவில்லை. அப்பா ரேஷன் கடைக்குப் போவதற்குக்கூட ஏன் தேய்த்த சட்டை போடுகிறார் என்று அவன் சின்ன வயதில் கேலி பண்ணியிருக்கிறான். இப்போது பண்ணுவதில்லை.

சரி, இதை அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். மேலே இருப்பதைப் படி.

குளத்திலிருந்து வந்த அன்று ராத்திரி உன் பிள்ளை சாரத்தைக் கட்டிக்கொண்டு குப்பை போடக் கீழே போனான். இரண்டாம் மாடிக் கிழவி நின்று பார்த்து, "பாவாடை அழகாக இருக்கிறது, எங்கே வாங்கினீர்கள்?" என்றாள். பாவாடை இல்லை, ஆம்பளைகள் கட்டுவது என்று விளக்கி, மடித்துக் கட்டியும் காட்டினான். அவள் கைதட்டினாள். இந்த ஊரில் அவன் உடுப்பைப் பார்த்து யாரும் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை. வேகமாக மேலே ஏறி வந்துவிட்டான். மழை பெய்தால் செருப்போடு அப்பிக்கொண்டு காலை விடாத நம்ம கரிசல் மண் ஏனோ அந்தப் படிக்கட்டில் ஞாபகம் வந்தது. இங்கே மண்ணே காலில் ஒட்டுவதில்லை.

தீபாவளிக்கு நம்ம பக்கத்துப் பையன் ஒருவன் வருகிறான். அவனிடம் கட்டம் போட்ட சாரம் மூன்று கொடுத்துவிடு, ஒன்று அந்தக் கிழவிக்கு. பெட்டியில் இடம் இருந்தால் நம்ம ஊர்க் கடலை மிட்டாய் இரண்டு கிலோ. 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியதிலிருந்து அதைப் பற்றி இங்கே அளந்து வைத்திருக்கிறான், ருசி காட்டியாக வேண்டும். அரைக்கால் சட்டை மட்டும் அனுப்பாதே.

அத்தையிடம் சொல்: முடி இருக்கிறது. போகும்போது எவ்வளவு இருந்ததோ, அதில் பாதி.