ஈயத்துக்குக் காற்று

குருநகரில் ஒருவன் காசு கொடுத்துக் கடலுக்குள் இறங்கப் போவதாகச் சொன்னால், அவன் தலைக்குத் தேசிக்காய் தேய்க்கத்தான் ஆள் தேடுவார்கள். கடலுக்குள் இறங்கினால் காசு வர வேண்டும், போகக்கூடாது. ஊருக்குக் கரையூர் என்று பெயர் இருந்த காலந்தொட்டு இங்கே இதுதான் கணக்கு. மீன், நண்டு, இறால், கணவாய் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருபவனுக்குத்தான் கடலில் வேலை. வெறுங்கையோடு இறங்கி வெறுங்கையோடு ஏறி, "மீனைப் பார்த்துவிட்டு வந்தேன்" என்று சொல்பவனை என்ன செய்வது? மீனைப் பார்ப்பதற்குச் சந்தை இருக்கிறது.

இந்த ஊருக்குத்தான் ரொறன்ரோவிலிருந்து என் மச்சான் ஒரு மிதவைச் சட்டையோடு வந்திறங்கினான். ஜூலை 25 யாகப்பர் திருநாள். பெருநாளுக்கு வருகிற வெளிநாட்டுக்காரர் சொக்லேட்டும் சென்ற்றும் கொண்டுவருவது வழக்கம். இவன் பெட்டியைத் திறந்தால் கறுப்பாக, கொழுக்கியும் பட்டியுமாக, ஒரு தோளிலிருந்து நெளிகுழாய் தொங்க ஒரு சாமான். சுழியோடுபவர்கள் அதைப் பிசிடி என்பார்கள். காற்றை ஏற்றவும் இறக்கவும் கூடிய சட்டை. விறாந்தையில் அதை மாட்டிக் காட்டினான்.

பெரியப்பா இளமையில் மூச்சுப் பிடித்துக் கடலட்டை பொறுக்கியவர். பிறகு சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு இறங்கியவர். நாங்கள் ஒருநாளும் வாயில் வைக்காத அந்தச் சீவனை அவித்துக் காயவைத்துச் சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் அனுப்பி வீடு கட்டிய தலைமுறை அது. கதிரையை விட்டு எழும்பாமலே கேட்டார்.

"மருமோன், உதென்ன, குண்டு துளைக்காத சட்டையோ?"

"இல்லை மாமா. இதுக்குள்ளை காத்தடிச்சா மிதக்கலாம்."

"மிதக்கிறதுக்குத்தானே வள்ளம் இருக்கு?"

"சும்மா மிதக்கிறதில்லை மாமா. முதல் இடுப்பிலை ஈயத்தைக் கட்டித் தாழுறது. பிறகு இதுக்குக் காத்தடிக்கிறது."

"ஈயத்தைக் கட்டித் தாழ்ந்து, பிறகு காத்தடிச்சு மிதக்கிறதோ? ஈயத்தைக் கட்டாமல் விட்டால் ரண்டு வேலையும் மிச்சமெல்லோ?"

மச்சானிடம் பதில் இல்லை. ஆனால் சுழியோடப் பழகுகிறவன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை ஒருவரும் கேட்காததால்தான் ஈயம் விற்பவர்களின் பிழைப்பு நடக்கிறது.

பதிலைத் தேடி மச்சானும் நானும் திருகோணமலைப் பக்கம் போனோம். குருநகர்க் களப்பில் பல இடங்களில் ஆள் நின்றுகொண்டே வலை இழுக்கலாம்; அங்கே மிதவைச் சட்டையோடு இறங்கினால், மீன் எங்களைப் பார்க்க வரும். அந்தப் பக்கத்து நிலாவெளியில் மே முதல் செப்ரெம்பர் வரை கடல் அமைதி, புறாத்தீவு பக்கத்தில், பவளப்பாறையும் உண்டு.

அங்கே சுழியோடப் பழக்கும் ஆசிரியர் முதலில் பார்த்தது மச்சானின் சட்டையைத்தான். அளவு எக்ஸ்எல். மச்சானின் அளவு மீடியம். "வளர்ற பிள்ளை, கொஞ்சம் பெரிசாய் எடு" என்று பள்ளிக்கூடச் சட்டைக்கு மாமி சொன்ன சட்டத்தை, நாற்பது வயதிலும் அவன் மீறவில்லை. மிதவைச் சட்டையில் அந்தச் சட்டம் செல்லாது. காற்றடித்ததும் பெரிய சட்டை மேலே போகும். ஆள் உள்ளே கீழேயே நிற்பான். காதுக்குப் பக்கத்தில் தோள்பட்டி, நாடிக்குக் கீழே நெஞ்சுக்கொழுக்கி. சிறிய சட்டை என்றால் வேறு கூத்து: காற்று நிரம்ப நிரம்ப நெஞ்சை இறுக்கி, மூச்சுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஈரச்சட்டைக்கு மேலே போட்டு, முழுக்கக் காற்றடித்து, பட்டிகளை இறுக்கி, ஆழமாக மூச்சை இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் தோள்பட்டியைப் பிடித்துத் தூக்க வேண்டும். சட்டையோடு ஆளும் எழும்பினால் அளவு சரி. மச்சானைத் தூக்கியபோது சட்டை மட்டும் வந்தது.

சட்டையிலும் சாதி உண்டு. விலாவையும் முதுகையும் சுற்றிக் காற்று நிற்கும் வகை, மேற்பரப்பில் ஆளை நிமிர்த்தி வைக்கும். புதியவர்களுக்கு அதுதான் தோது. முதுகில் மட்டும் காற்று நிற்கும் வகை தண்ணீருக்குள்ளே ஆளை அழகாகக் கிடையாக வைக்கும். மேலே வந்ததும் முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளப் பார்க்கும். எதை வாங்குவது என்ற வாதம் சுழியோடிகளிடையே நம்மூர்த் தேர்தல் வாதம் அளவுக்கு நீளமானது. முடிவும் அதே அளவுதான் தெளிவானது.

இனிப் பெரியப்பாவின் கேள்விக்கு வருவோம். குருநகர்க்காரனுக்கு அதை விளங்கப்படுத்த வலை ஒன்று போதும். வலையின் மேல்கயிற்றில் மிதப்பு, கீழ்க்கயிற்றில் ஈயம். மிதப்புக் கூடினால் வலை மேலே வரும். ஈயம் கூடினால் சேற்றில் படுக்கும். இரண்டும் சமன்பட்டால்தான் நிற்கும். சுழியோடியும் அப்படியே, ஒரு வில்லங்கத்தைத் தவிர: இவனுடைய மிதப்பு போகப் போக மாறும்.

ஈரச்சட்டை நுரை றப்பர். உள்ளே நுண்ணிய குமிழிகள். மேலே அது ஆளை மிதக்க வைக்கும். 10 மீற்றர் ஆழத்தில் அழுத்தம் இரு மடங்கு. குமிழிகள் நசுங்கி மிதப்புக் குறையும். சிலிண்டரிலுள்ள காற்றுக்கோ எடை உண்டு. வழக்கமான அலுமினியச் சிலிண்டர் நிறைந்திருக்கும்போது காற்று மட்டும் சுமார் இரண்டரைக் கிலோ வரும். அதை மூச்சாக விட்டு முடிக்க முடிக்கச் சிலிண்டர் இலேசாகி, கடைசியில் தானே மிதக்கப் பார்க்கும். மேலே வரும் வழியில் 5 மீற்றரில் 3 நிமிடம் தரித்து நிற்பது வழக்கம். அந்த நேரத்தில் இலேசான சிலிண்டரோடு அசையாமல் நிற்பதற்குத்தான் ஈயம். அதே ஈயம் தொடக்கத்தில் கொஞ்சம் அதிகமாக இருக்கும். அந்த அதிகத்தையும், ஆழத்தில் ஈரச்சட்டை இழந்த மிதப்பையும் சமன்செய்யத்தான் காற்று. அதற்கு மேல் ஏற்றும் காற்றெல்லாம் தேவையில்லாத ஈயத்துக்குக் கட்டும் தண்டம்.

நீச்சல் குளத்தில் பார்த்த கணக்குக் கடலில் உதவாது. ஒரு லீற்றர் நல்ல தண்ணீர் ஒரு கிலோ. கடல்நீர் சுமார் 1.025 கிலோ. ஆளும் சாமானும் சேர்ந்து 100 லீற்றர் இடம்பிடித்தால், கடலில் இரண்டரைக் கிலோ ஈயம் கூடுதலாக வேண்டும். மச்சான் அதற்கும் மேலே நான்கு கட்டிகளைச் சேர்த்தான், பாதுகாப்புக்காம். அதைச் சமாளிக்க நிறையக் காற்றடித்தான். கொஞ்சம் மேலே வந்ததும் அந்தக் காற்று விரிந்தது. விரிந்ததால் இன்னும் மேலே வந்தான். வந்ததால் இன்னும் விரிந்தது. பிறகு நடந்ததற்கு வேதாகமத்தில் விண்ணேற்றம் என்று பெயர். ஆசிரியர் காலைப் பிடித்திராவிட்டால் அப்போஸ்தலர்களைப் போல நாங்களும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றிருப்போம்.

மச்சான் கவனிக்காதது ஒன்று உண்டு. 30 மீற்றரிலிருந்து 20க்கு வரும்போது காற்று மூன்றில் ஒரு பங்குதான் பெருக்கும். 10 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் இரண்டு மடங்காகிவிடும். பிள்ளைத்தண்ணீர் என்று நாம் நினைக்கும் ஆழம்தான் புதியவனைக் கூத்தாட்டும். அதனால் பொத்தானைத் தொட்டு விட வேண்டும், அமுக்கிக்கொண்டு நிற்கக்கூடாது. காற்றை விடும்போது நெளிகுழாயைத் தோளுக்கு மேலே உயர்த்த வேண்டும். காற்று எப்போதும் மேலே உள்ள வாசலால்தான் வெளியேறும்.

இவ்வளவும் புதுக்கண்டுபிடிப்பு. மன்னார் முத்துக்குளிப்பில் சுழியோடிகள் காலுக்குக் கல்லைக் கொடுத்து இறங்கினார்கள். கயிற்றை அசைத்தால் வள்ளத்தில் உள்ளவர் இழுப்பார். அவர்தான் மிதவைச் சட்டை. போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களை சுழியோடிகளான மைக் வில்சனும் ஆதர் சி. கிளார்க்கும் 1956இல் கடலடியில் கண்டபோதும் இப்படியொரு சட்டை கிடையாது. பிரெஞ்சுக்காரர் மொரிஸ் ஃபென்சி கழுத்தில் மாட்டும் மிதவைக்குக் காப்புரிமை எடுத்தது 1961இல். கைநுழைத்துப் போடும் சட்டையை ஸ்கூபாப்புரோ நிறுவனம் விற்றது 1971இல். இவை இரண்டும் வருமுன் இறங்கியவர்களின் மிதவை அவர்களுடைய நெஞ்சாங்கூடுதான்.

இன்றைக்கும் அதுதான் ஆகச் சிறந்த மிதவை. மூச்சை இழுத்தால் ஆள் மெல்ல எழும்புவான், விட்டால் மெல்லத் தாழ்வான். ஊருக்குத் திரும்பி இதைச் சொன்னதும் பெரியப்பா முதன்முறையாகத் தலையாட்டினார். "அதைத்தானே நாங்கள் செய்தது" என்றார். பாதிதான் சரி. வெறும் உடம்போடு இறங்குபவன் மேலேயிருந்து கொண்டுபோன மூச்சைப் பிடித்து வைக்கலாம். சிலிண்டர்க் காற்று ஆழத்து அழுத்தத்தில் நெஞ்சுக்குள் வருவது. அதை அடக்கிக்கொண்டு ஒருசில மீற்றர் எழும்பினாலே விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும்.

ஆகவே நிலாவெளிக்கோ வேறெங்குமோ போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சட்டையை வாங்குமுன் வாடகைக்கு எடுத்துப் போட்டுப் பாருங்கள். சிலிண்டரில் காற்று முடியப்போகும் நேரத்தில், சட்டையைக் காலி செய்து, வழக்கமான மூச்சோடு கண்மட்டத்தில் மிதக்கிறீர்களா என்று பாருங்கள். மிதந்தால் ஈயம் சரி, தாழ்ந்தால் ஒரு கட்டியைக் கழற்றுங்கள். ஈயப்பட்டியின் கொழுக்கி ஒரு கையால் திறபடும்படி இருக்கட்டும். மூச்சை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அடக்காதீர்கள்.