அம்பது கேபிக்குள்ள அடங்காத மூஞ்சி

ஏலே பேராண்டி, பேங்க் பரீட்சைக்கு அப்ளிகேஷன் போடுதேன்னு காலையில உக்காந்தவன், இன்னும் உன் மூஞ்சியையே ஏத்தி முடிக்கலியாக்கும்? ஊரையே மயக்குத மூஞ்சின்னு உங்க அம்மை சொல்லிக்கிட்டுத் திரியுதா. பரீட்சை நடத்துத ஐபிபிஎஸ்காரன் மயங்கலியே! போட்டோ 20 கேபிக்குக் குறையாம, 50 கேபிக்கு மேல போகாம வேணும், கையெழுத்து 10-லேர்ந்து 20 கேபிக்குள்ளன்னு அவன் தெளிவாத்தான் போட்டிருக்கான். நீ 4 எம்பியைக் கொண்டுபோய்த் திணிக்க. எண்பது மடங்குலே!

கோவத்துல என்ன செஞ்ச? கோப்புப் பேருக்குப் பின்னால பிஎன்ஜின்னு இருந்ததை ஜேபிஜின்னு மாத்துன. நான் பேப்பர் படிக்க மாதிரிதான் இருந்தேன், எல்லாம் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். பேரை மாத்துனா சரக்கு மாறிருமா? உங்க மாமன்கூடத்தான் பேருக்குப் பின்னால எம்.ஏ.ன்னு போட்டுக்கிட்டு அலையுதான்.

கேட்டுக்கோ. உன் போன் எடுக்கது 12 மெகாபிக்சல். அகலத்துல 4000 புள்ளி, உயரத்துல 3000. புள்ளிக்கு மூணு பைட்டுன்னா 36 எம்பி வரணும். 4 எம்பிதானே வருது? போனே அமுக்கித்தான் குடுக்கு. படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டமா நறுக்கி, மனுசக் கண்ணுக்குப் பிடிபடாத நுணுக்கத்தைத் தூக்கிக் கடாசுத வேலை அது, ஜேபிஜின்னு பேரு. 1992-லயே வகுத்துட்டாங்க. வெளிச்சத்துல கை வச்சா கண்ணு கண்டுபிடிச்சிரும், நிறத்துல கை வச்சா ஏமாந்துரும். அதனால நிறத்துலதான் நல்லாத் திருடுவான், கெட்டிக்காரன்.

அதுக்காகத் தரத்தை மட்டும் குறைச்சிக்கிட்டே போகாத. புள்ளி 4000-மும் அப்படியே கெடக்கும், உன் மூக்குதான் கட்டங்கட்டமா உடையும். அவன் கேக்கதே 200-க்கு 230 புள்ளி. முதல்ல அந்த வாக்குல வெட்டு, பொறவு சுருக்கு. வெட்டாமச் சுருக்குனா புடலங்காய்க்கு ஹால் டிக்கெட் வரும்.

இலவசமாச் சுருக்கித் தாறோம்னு ஒருத்தன் ஆன்லைன்ல கடை விரிச்சா உடனே ஓடிருவியோ? நீ ஏத்துதது என்ன? மூஞ்சி, கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை. முன்பின் தெரியாதவன் வெத்துத்தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டா போடுவியா? போடுவ, போடுவ, உன்னைத் தெரியாதா எனக்கு. ஒரு மணி நேரத்துல அழிச்சிருவோம்னு எழுதியிருக்கான், சரி. அழிச்சதை எட்டிப் பாத்தது ஆரு?

கூகுள் குரோம் ஆளுக செஞ்ச ஸ்க்வூஷ்னு ஒண்ணு இருக்கு. படம் வெளிய போகாம பிரவுசருக்குள்ளயே சுருங்கும். வேற எதையும் நம்பணும்னா, பக்கத்தைத் திறந்து வச்சிட்டு நெட்டை அணைச்சிப் பாரு. அப்பவும் சுருங்குச்சின்னா வேலை உன் மிஷின்லதான் நடக்கு. எதுவும் வேண்டாம்னா பெயிண்ட் போதும்.

இன்னொண்ணு, உங்க அம்மை காதுல விழாமச் சொல்லுதேன். லொக்கேஷனை ஆன் பண்ணி எடுத்த போட்டோவுல, எடுத்த இடமும் சேந்தே பதிஞ்சிருக்கும். கோயிலுக்குப் போனேன்னியே போன வெள்ளிக்கிழமை, அந்தப் படத்தை ஆருக்கும் அனுப்புமுன்ன யோசிச்சிக்கோ.

சுருக்குனதை வேற பேர்ல சேமிலே. அசலை அழிச்சிராத. ஜேபிஜி கடாசுனது கடாசுனதுதான், 50 கேபிக்குள்ளேருந்து பழைய 4 எம்பி திரும்பி வராது.