வாசலுக்கு வெளியே நில்லும்!

வாரந்தவறாமல் ஆலயம் செல்லும் என் நண்பர் நூற்றுக்கு மூன்று வட்டி வாங்குகிறாரே, வேதத்துக்கு இது அடுக்குமா?

நூற்றுக்கு ஒன்று வாங்கிய பிரபுக்களையே எருசலேமில் சபை கூட்டிக் கண்டித்து, அவர்கள் பிடித்துக்கொண்ட வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அன்றைக்கே திருப்பித் தரச் செய்தவர் நெகேமியா. இதைச் சொல்லும் வேத அதிகாரம் வாசிக்கப்படும் ஞாயிறன்று மட்டும் தங்கள் நண்பருக்குத் தேக அசௌக்கியம் ஏற்படுகிறதா?

வசூலுக்கு வருகிறவர் கூடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். மோசேயிடம் மருந்துண்டா?

உண்டு. ஈடு வாங்க வந்தவன் வீட்டினுள் பிரவேசியாமல் வெளியே நிற்க, கடன்பட்டவனே அதை எடுத்து வந்து கொடுக்க வேண்டுமென்பதும், ஜீவனாதாரமான திரிகைக்கல்லை ஈடாகத் தொடவே கூடாதென்பதும், ஏழையின் போர்வையைச் சூரியாஸ்தமனத்துக்குள் திருப்பித் தர வேண்டுமென்பதும் உபாகமத்தின் விதிகள். நமது 1908-ஆம் ஆண்டுச் சிவில் நடைமுறைச் சட்டமும் சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞனின் கருவி ஆகியவற்றை ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. ரிசர்வ் வங்கியோ 2022-இல், இரவு 7 மணிக்குமேல் கடனாளியை டெலிபோனில் அழைக்கலாகாதென்று வசூல்காரர்களுக்கு வரம்பு கட்டியது. சூரியன் இன்னும் உத்தியோகத்தில்தான் இருக்கிறான்!

உபாகமத்தின்படி ஏழாம் வருஷம் கடன் தள்ளுபடியென்றால், ஆறாம் வருஷம் எவன் கொடுப்பான்?

இச்சந்தேகம் சாஸ்திரகர்த்தாவுக்கே தோன்றி, அவ்வாறு கையை மூடுவது பாவமென்று அதே அதிகாரத்தில் எழுதினார். எனினும் மூடிய கைகள் திறவாமை கண்ட ஹில்லேல் என்னும் யூத அறிஞர், கடனை நீதிமன்றத்தின் வசம் ஒப்புவித்துவிட்டால் தள்ளுபடி செல்லாதென்று ஏற்பாடு செய்தார். ஏழைக்குக் கடன் கிடைத்தது. ஏழாம் வருஷந்தான் கைநழுவிப் போயிற்று.