பெரிய பானெட், சின்ன எஞ்சின்

எழுபதுகளின் கடைசியில், புதுப்பேட்டையில் என் சித்தப்பா வைத்திருந்த ஒர்க் ஷாப்புக்கு அமெரிக்கக் கார்கள் வைத்தியத்துக்கு வரும். இம்பாலா, பிளிமத், டாட்ஜ். எல்லாம் ஒரு காலத்தில் கோடம்பாக்கத்து ஸ்டுடியோ வாசல்களை அடைத்துக்கொண்டு நின்ற வண்டிகள். 1973-இல் கச்சா எண்ணெய் விலை எகிறியதிலிருந்து சொந்தக்காரர்களுக்கு அவற்றை ஓட்டக் கட்டுப்படியாகவில்லை; விற்கவும் மனசு வரவில்லை.

சித்தப்பாவிடம் இதற்கு வைத்தியம் ஒன்றுதான். முக்காலியில் செயின் பிளாக்கை மாட்டி எட்டு சிலிண்டர் எஞ்சினைத் தூக்கி வெளியே வைப்பார். அந்த இடத்தில், ஏதாவது ஒரு வேனிலிருந்து கழற்றிய நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின் இறங்கும். பெரும்பாலும் பெர்கின்ஸ், செம்பியத்தில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரித்து வந்ததால் ஸ்பேருக்கு அலைய வேண்டாம். சேனல் இரும்பை வெட்டி வெல்டிங் வைத்த மவுண்டிங், லேத்துக்குக் கொடுத்து அளவு மாற்றிய புரொப்பெல்லர் ஷாஃப்ட். இவ்வளவும் முடிந்த பிறகும் பானெட்டுக்கு அடியில் இடம் மிச்சமிருக்கும். கையாள் பையன் ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இறங்கி, தரையில் கால் ஊன்றி நின்றே போல்ட் முடுக்குவான். லீவு நாட்களில் அந்தப் பையன் நான்தான்.

"இவ்ளோ பெரிய வண்டிக்கு இவ்ளோ சின்ன எஞ்சினா சித்தப்பா?" என்று கேட்டால், "பானெட் பெருசா இருக்குல்ல? அது போதும்டா. எவன் தொறந்து பாக்கப் போறான்?" என்பார்.

ஸ்டார்ட் செய்தால்தான் குட்டு உடையும். தண்ணி லாரி வந்துவிட்டதென்று நினைத்துப் பெண்கள் குடத்தோடு வாசலுக்கு வந்ததுண்டு. ஆனாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அந்த வண்டிகளுக்குத்தான் கிராக்கி. நாதஸ்வரமும் தவிலும் போகிற ஊர்வலத்தில் எஞ்சின் சத்தம் யாருக்குக் கேட்கும்? சினிமாக் கம்பெனிக்காரர்களுக்கும் கவலையில்லை. கதாநாயகன் வந்து இறங்கும்போது எழ வேண்டிய உறுமலைப் பிற்பாடு டப்பிங்கில் சேர்த்துக்கொள்வார்கள்.

இது ஏதோ புதுப்பேட்டைச் சந்தில் நடந்த தில்லுமுல்லு என்று நினைக்க வேண்டாம். 1985-இல் சென்னையின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியே இதைத்தான் செய்தது. 'ஸ்டாண்டர்ட் 2000' என்று ஒரு கார். பார்க்க அவ்வளவு அழகு: தாழ்ந்து நீண்ட மூக்கு, பின்பக்கம் சரிந்து இறங்கும் கூரை. இங்கிலாந்தில் 1977-க்கான ஐரோப்பாவின் சிறந்த கார் விருது வாங்கிய ரோவர் எஸ்டி1-இன் உடம்பு அது. அங்கே அந்த மூக்குக்குள் 3.5 லிட்டர் வி8 இருந்தது. இங்கே வைத்தது 1947-இல் வந்த ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காரின் எஞ்சின் வாரிசு, நாலு சிலிண்டர், 1,991 சி.சி. அதே குடும்பத்து எஞ்சின் பெர்குசன் டிராக்டரில் வயல் உழுதிருக்கிறது. குதிரைசக்தி எண்பத்துச் சொச்சம். பெட்ரோல் செலவு மட்டும் பணக்கார வீட்டுக் கணக்கு. சில வருஷங்களிலேயே வண்டி நின்றுபோனது. அம்பாசடர் எஞ்சினோடு வந்த முதல் கான்டெஸ்ஸாவும் இதே ஜாதிதான். பிற்பாடு இசுசு எஞ்சின் வந்துதான் அதன் மானத்தைக் காப்பாற்றியது. பெரிய உடம்பில் சின்ன எஞ்சினை வைத்து ஏமாற்றுகிறார்கள் என்று ஊரே சிரித்தது. "வெள்ளைக்காரன் இப்படிச் செய்வானா?" என்று கேட்காதவர் இல்லை.

செய்தான். கொஞ்சம் காலம் பிடித்தது, அவ்வளவுதான்.

மெர்சிடிஸ் கார்களின் முதுகில் அந்தக் கம்பெனியின் வேகக்கார் பிரிவான ஏஎம்ஜிக்காரர்கள் ஒட்டும் '63' என்ற எண்ணுக்கு ஒரு பரம்பரை உண்டு. 1968-இல் வந்த 300 எஸ்இஎல் 6.3 என்ற காரின் 6.3 லிட்டர் வி8-இலிருந்து வருவது அது. 2008 வாக்கில் வந்த சி63-இல் 6,208 சி.சி.; அதை 6.2 என்றுதான் சொல்ல வேண்டும், பரம்பரைக்காக 63 என்றார்கள். அடுத்த தலைமுறையில் டர்போ பூட்டிய 3,982 சி.சி. 2022-இல் வந்த சி63-இல் அதில் சரியாகப் பாதி: நாலு சிலிண்டர், 1,991 சி.சி. ஆம், அந்தப் பழைய ஸ்டாண்டர்ட் 2000-இன் அதே கொள்ளளவு, ஒரு சி.சி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முதுகில் எண் மட்டும் 63-தான். 2024-இல் இந்தியாவுக்கு வந்தபோது ஷோரூம் விலை 1.95 கோடி ரூபாய்.

நண்பர் ஒருவரின் மகன் வாங்கியிருந்தான். திறந்து காட்டச் சொன்னேன். "அங்கிள், இதை யாரும் தொறந்து பாக்கறதில்ல" என்று சொல்லிக்கொண்டே திறந்தான். மேலே ஒரு மூடி, அதில் எஞ்சினைக் கோத்த ஆளின் கையெழுத்து பொறித்த தகடு. சித்தப்பா எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. போட்டிருந்தால் ஆர்டிஓ ஆபீஸில் மாட்டியிருப்பார்.

வித்தை தெரிந்தவன் என்ற முறையில் ஒப்புக்கொள்ள வேண்டும், வேலை அற்புதம். எஞ்சினின் பலம் எவ்வளவு காற்றை உள்ளே இழுத்து எவ்வளவு பெட்ரோலை எரிக்கிறது என்பதில் இருக்கிறது. சிலிண்டரைப் பெரிதாக்கிக் காற்றை இழுப்பது பழைய வழி. சின்ன சிலிண்டருக்குள் டர்போ காற்றை அமுக்கித் திணிப்பது புது வழி. டர்போ வேகம் பிடிக்கும் வரை வண்டி யோசிக்கும். இவர்கள் அதன் அச்சிலேயே ஒரு மின் மோட்டாரை வைத்து யோசனையை நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் மட்டும் 476 குதிரைசக்தி, பின் அச்சில் உள்ள மோட்டாரையும் சேர்த்தால் 680. ஆனால் எடை 2,100 கிலோவைத் தாண்டுகிறது. வெறும் பேட்டரியில் 13 கிலோமீட்டர் ஓடும். மவுண்ட் ரோட்டில் ஏறினால் தாம்பரம் வராது.

வாங்குகிறவர்கள் சந்தோஷப்பட்டார்களா? இல்லை. வி8-இன் உறுமல் எங்கே என்று உலகம் முழுக்க முகம் சுளித்தார்கள். உறுமலுக்கும் மாற்று இருக்கத்தான் இருக்கிறது. பிஎம்டபிள்யூ 2011-இலேயே எம்5 காரில் எஞ்சின் சத்தத்தை ஸ்பீக்கர் வழியாக உள்ளே விட்டது. மின்சாரக் கார்களுக்குச் சத்தம் அமைக்க ஹாலிவுட் இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரையே அழைத்தது. கோடம்பாக்கத்து டப்பிங் தியேட்டர் டாஷ்போர்டுக்குள் வந்துவிட்டது.

பெரிய எஞ்சின்களை மூழ்கடித்தது சுற்றுச்சூழல் அக்கறை என்பார்கள். என் அபிப்பிராயத்தில் வரிக்காரன் செய்த வேலையும் குறைச்சலில்லை. சீனாவில் 2008 முதல் நாலு லிட்டருக்கு மேற்பட்ட எஞ்சினுக்கு 40 சதவீத நுகர்வு வரி. ஏஎம்ஜி வி8 3,982, பென்ட்லி வி8 3,996 என்று கோட்டுக்கு மயிரிழை கீழே நிற்பதைப் பார்த்தால் எனக்கு சந்தேகம் வரத்தான் செய்கிறது. நம் டில்லியிலும் இந்தக் கூத்து நடந்தது. 2015 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் 2,000 சி.சி.க்கும் அதற்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த மாதமே மஹிந்திரா 1.99 லிட்டர் எஞ்சினோடு வந்து நின்றது. புகைக்கு எண் படிக்கத் தெரியாது, பாவம்.

2025 செப்டம்பரில் வந்த ஜி.எஸ்.டி. மாற்றம் இன்னும் வேடிக்கை. பெட்ரோல் எஞ்சின் 1,200 சி.சி.யைத் தாண்டினால் ஒரே 40 சதவீதம். நடுத்தரக் குடும்பத்து ஒன்றரை லிட்டர் செடானும் 6.75 லிட்டர் வி12 பூட்டிய ரோல்ஸ்ராய்ஸும் ஒரே பந்தியில்.

பெரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெற்றதும் உண்மை. பென்ட்லியின் 6¾ லிட்டர் வி8 1959-இல் தொடங்கிய பரம்பரை, 2020-இல் முடிந்தது. பென்ட்லியின் குரூ நகரத் தொழிற்சாலையில் லட்சத்துக்கு மேல் கட்டிய பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு 2024-இல் மூடுவிழா. ஆனால் 2030-க்குள் முழுக்க மின்சாரம் என்று சத்தியம் செய்த அதே பென்ட்லி, அதே வருஷம் 2035 என்று வாய்தா வாங்கியது. மெர்சிடிஸும் புது வி8 ஒன்றைத் தயார் செய்வதாகச் சொல்லிவிட்டது.

ஆக, பெரிய எஞ்சின் சாகாது. அதன் பலத்தில் பாதியைக்கூட எந்தச் சொந்தக்காரரும் பயன்படுத்தியதில்லை. பென்ட்லியின் வி8 எஞ்சினே சாவகாசமாக ஓடும்போது நாலு சிலிண்டரைத் தூங்க வைத்துவிடுகிறது. எட்டுக்குப் பணம் கட்டி நாலில் போகக்கூடியவர்கள் இருக்கும் வரை எட்டு இருக்கும். விலை மட்டும் நகைக்கடை விலையாகிவிடும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். ஆர்.சி.யில் சி.சி. எவ்வளவு என்று ஒரு கட்டம் இருக்கும், அதைப் பாருங்கள்.